ஹாக்கி ஆசான் தராசவ்

நம் நாட்டில் ஹாக்கி என்றவுடன் திறந்த ஆடுகளமும் சிறு வெண்பந்தும் நினைவுக்கு வரும். குளிர் மிகுந்த வடநாடுகளிலோ அவ்வாட்டம் பனிக்கட்டித் தளத்தின்மீது நடைபெறுகின்றது. ஆடுவோர் கூரிய இரும்பலகு பொருத்திய காலணி அணிந்து, வழுக்கும் தளத்தில் அம்பெனப் பாய்வர். பந்துக்கு மாறாக, கெட்டியான இரப்பரால் செய்த தட்டையான வட்டு ஒன்றை நீண்ட மட்டையால் அடித்துக் கோலுக்குள் செலுத்துவர். பக்கத்திற்கு அறுவர், அவருள் ஒருவர் கோல்காவலர். இவ்வாட்டத்தில் கானடா நாட்டாரே நெடுங்காலம் ஒப்பாரின்றி விளங்கினர். அந்நிலையை மாற்றிச் சோவியத் நாட்டை முன்னணிக்குக் கொணர்ந்தோருள் தலையாயவர் அனத்தோலி தராசவ் ஆவார்.

தராசவ் 1918ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் மாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தை அவருடைய இளமையிலேயே இறந்துவிட, அனத்தோலி, யூரி என்னும் மைந்தர் இருவரையும் அன்னையே உழைத்து வளர்த்தார். அக்காலத்தில் உருசிய மக்கள் ஆடியது பந்து ஹாக்கி. கால்பந்து மைதானத்தளவு பரந்த பனித்தளத்தில் பதினொருவர் சிறு பந்தைக் கொண்டு ஆடும் ஆட்டம் அது. உடன்பிறந்தார் இருவரும் அதில் தேர்ந்தனர். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், 1946ஆம் ஆண்டில், வட்டைக் கொண்டு ஆடும் ஹாக்கிக்குச் சோவியத் நாட்டில் முதன்முறையாக நாடளாவிய போட்டி தொடங்கிற்று. அப்பொழுது தராசவுக்கு வயது இருபத்தெட்டு. களத்தில் ஆடுபவரும் அவரே. பிறரை ஆட்டுவிக்கும் பயிற்றாசிரியரும் அவரே. அடுத்த ஆண்டிலேயே இராணுவக் கழகத்தின் குழு அவர் பொறுப்பில் வந்தது.

1950ஆம் ஆண்டு சனவரியில் அவருக்குப் பெருந்துயர் ஒன்று நேர்ந்தது. விமானப் படைக் கழகத்தின் குழு போட்டி ஒன்றிற்காகப் பயணம் செய்தபோது, அவர்கள் ஏறிச்சென்ற விமானம் ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகரருகே வீழ்ந்து நொறுங்கிற்று. ஆட்டக்காரர் பதினொருவர் மாண்டனர். அவருள் யூரியும் ஒருவர். தம்பியை இழந்த தராசவ் தம் பணியை விட்டுவிடவில்லை.

பணியோ எளிதன்று. தொடக்க ஆண்டுகளில் மாஸ்கோ ஆட்டக்காரர்கள் இயற்கைப் பனியையே நம்பியிருந்தனர். வெயில் தோன்றிப் பனி உருகினால் பயிற்சியும் நின்றுவிடும். வேறொருவராயின் அடுத்த குளிர்காலம் வரையில் காத்திருப்பர். தராசவ் காத்திருக்கவில்லை. தம் குழுவினரைப் புல்தரையில் ஓடச் செய்தார். பளுத் தூக்கச் செய்தார். கால்பந்து ஆடச் செய்தார். குட்டிக்கரணம் போடவும் செய்தார். பனித்தளமின்றியே ஹாக்கி கற்பிக்க முயன்ற அம்முறையைப் பிற நாட்டார் முதலில் வியப்புடன் நோக்கினர். பின்னர்த் தாமும் மேற்கொண்டனர். வறுமை கற்பித்த முறை அது என்பதைப் பலர் மறந்துவிட்டனர்.

இளம்பருவத்தில் தராசவ் கானடாவுக்குச் சென்று அந்நாட்டார் ஆடுவதைக் கற்றுவர விரும்பினார். அவருடைய ஆசிரியர் ஒருவர் அதனைத் தடுத்தார். பிறரைப் பார்த்து ஆடுபவன் என்றும் பிறருக்குப் பின்னேயே நிற்பான் என்பது அவர் கருத்து. மாணவர் அதனை ஏற்றுத் தமக்கென ஒரு நெறியை வகுத்தார். அந்நெறியின் உயிர், வட்டைக் கைமாற்றிக் கொடுப்பதில் இருந்தது. வட்டைத் தானே கொண்டோடிக் கோல் போடும் ஆசை எந்த இளைஞனுக்கும் உண்டு. தன்னினும் நல்ல இடத்தில் நிற்கும் தோழன் யார் என முதலில் நோக்கவேண்டும் என்றும், வட்டு இல்லாதவனும் ஓய்ந்து நில்லாது தோழனுக்கு வழி செய்துகொண்டே இருக்கவேண்டும் என்றும் அவர் கற்பித்தார். ஐவர் ஆடினாலும் ஒருவரே ஆடுவது போலத் தோன்றவேண்டும் என்பது அவர் எதிர்பார்ப்பு. கோல் போட்டவனை மட்டும் தட்டிக் கொடுக்கும் வழக்கம் அவருக்கு உடன்பாடன்று.

சோவியத் குழு முதன்முதலாக 1954ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோமில் நடந்த உலகப் போட்டியில் கலந்துகொண்டு, கானடாவை 7-2 என்ற கணக்கில் வென்று உலகையே வியப்பில் ஆழ்த்திற்று. அக்குழுவின் பயிற்றாசிரியர் தராசவ் அல்லர். அர்க்காதி செர்னிஷோவ் என்பவர். பின்னர்த் தராசவ் பொறுப்பேற்ற 1958 முதல் 1960 வரையுள்ள மூன்றாண்டுகளில் குழு ஒருமுறையும் முதலிடம் பெறவில்லை. பொறுப்பு அவர் கையைவிட்டுச் சென்றது. சில காலத்திற்குப் பின் செர்னிஷோவ் தலைமைப் பயிற்றாசிரியராகவும், தராசவ் அவருக்கு அடுத்தவராகவும் அமைக்கப்பெற்றனர். குழுவுக்காகத் தன்னை அடக்கிக்கொள்ளுமாறு பிறரை வற்புறுத்தி வந்தவர் இப்பொழுது தாமே இரண்டாம் இடத்தில் அமரவேண்டியவரானார். செர்னிஷோவ் அமைதியே உருவானவர்; தராசவோ இடிமுழக்கம். இருவரும் இணைந்து நடத்திய குழு 1963 முதல் 1971 வரை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து உலக வெற்றி பெற்றது. 1964, 1968, 1972 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் பொற்பதக்கங்களையும் அதுவே வென்றது.

இவ்வெற்றிகளைக் காட்டிலும் சிறுவர்களிடம் அவர் கொண்ட ஈடுபாடே நமக்கு நெருக்கமானது. 1962ஆம் ஆண்டில் இராணுவக் கழகத்தின் சிறுவர் பள்ளிக்கு வலேரி கர்லாமவ் என்னும் சிறுவன் வந்தான். அவனுக்கு வயது பதினான்கு. அப்பள்ளி ஏற்பதோ பதின்மூன்று வயதினரை. மெலிந்து குட்டையாக இருந்தமையால், வயதைக் குறைத்துச் சொல்லிச் சேர்ந்துவிட்டான்! அவன் வளர்ந்த பின்னும் அவ்வளவு சிறிய உருவினன் வல்லவர்களுக்கு நடுவே நிற்பானோ எனத் தராசவ் ஐயுற்றார். 1967இல் அவனைத் தொலைவில், யூரல் மலைப்பகுதியிலுள்ள செபர்க்குல் என்னும் சிற்றூரின் குழுவுக்கு அனுப்பினார். கர்லாமவ் மனம் உடைந்துவிடவில்லை. அங்கே கோல்களைக் குவித்துத் திரும்பினான். இரண்டே ஆண்டுகளில் உலக வெற்றி பெற்ற குழுவில் இடம் பெற்றான். தராசவின் ஐயம் பிழையென்று அச்சிறிய உருவம் காட்டிற்று.

விளதிஸ்லாவ் திரெத்தியாக் என்னும் மற்றொரு சிறுவன் கோல்காவலன் ஆக விரும்பினான். அவனிடம் தராசவ் ஒரு டென்னிஸ் பந்தைக் கொடுத்து, எங்குச் சென்றாலும் அதனை எறிந்து பிடித்துக்கொண்டே செல்லுமாறு பணித்தார். தெருவில் நடக்கும்போதும், பேருந்துக்குக் காத்திருக்கும்போதும் பந்து அவன் கையில் இருந்தது. நீந்தச் செல்லும்போதும் அதனைப் பிரியாதிருக்க, உள்ளாடையில் ஒரு சிறு பை தைத்துக்கொண்டானாம். பயிற்சியில் தவறவிட்ட ஒவ்வொரு வட்டுக்கும் கடினமான உடற்பயிற்சி தண்டமாகக் காத்திருந்தது. வெற்றி பெற்ற நாளிலும் அத்தண்டம் குறைவதில்லை. திரெத்தியாக் பிற்காலத்தில் உலகின் தலைசிறந்த கோல்காவலருள் ஒருவராக விளங்கினார்.

கழகப் பள்ளிகளில் சேரும் வாய்ப்பு எல்லாச் சிறுவர்க்கும் கிட்டுமா? கிட்டாது. அவர்களுக்காக 1964ஆம் ஆண்டில் பொன்வட்டு என்னும் பெயரால் போட்டி ஒன்று எழுந்தது. அதற்குத் தலைமை தாங்கி நடத்தியவர் தராசவ். பள்ளிக்கூடத்துச் சிறுவர்களும், அடுக்குமாடி வீடுகளின் முற்றத்தில் நீர் ஊற்றி உறையவைத்து ஆடும் சிறுவர்களும் தத்தம் குழுவை அமைத்துக்கொண்டனர். ஓய்வு நேரத்தில் ஊதியமின்றி உழைத்த பெரியோர் அவர்களைப் பயிற்றினர். தெருவில் வென்ற குழு நகருக்கும், நகரில் வென்ற குழு மாநிலத்திற்கும், அங்கிருந்து இறுதிப் போட்டிக்கும் பயணம் செய்யும். வகுப்பில் பாடத்தைக் கைவிட்டவனுக்கு மட்டும் அப்பயணத்தில் இடமில்லை. நன்றாக ஆடுபவன் என்பதால் இவ்விதி தளர்த்தப்படுவதில்லை. உலகப் போட்டியில் வென்று வந்த பயிற்றாசிரியர், பத்துப் பன்னிரண்டு வயதினர் ஆடும் போட்டிக்கும் சென்று தளத்தருகே நின்று கூவி ஊக்குவார். அவர்களுக்கென்றே ஹாக்கி பற்றி நூலும் எழுதினார்.

இத்தகையவர் வாழ்வில் மறைக்கலாகாத நாள் ஒன்று உண்டு. 1969ஆம் ஆண்டு மே 11. நாட்டுப் போட்டியின் வெற்றியை முடிவு செய்யும் ஆட்டத்தில் இராணுவக் கழகமும் ஸ்பார்த்தக் கழகமும் மாஸ்கோவில் மோதின. நாட்டின் தலைவர் பிரெஷ்னேவ் அரங்கில் அமர்ந்திருந்தார். ஸ்பார்த்தக் 2-1 என முன்னணியில் நின்றது. இறுதிப் பகுதியின் இடையே இரு குழுக்களும் பக்கம் மாறவேண்டிய நேரம் நெருங்கியபோது, பெத்ரோவ் என்னும் இராணுவக் கழக வீரர் வட்டைக் கோலுக்குள் அடித்தார். சுவர்க்கடிகாரம் இன்னும் நேரம் உளதெனக் காட்டிற்று. நேரம் குறிப்போரின் கடிகாரமோ முடிந்ததென்றது. நடுவர் கோலை மறுத்தார். தராசவ் சினந்து, தம் குழுவினர் அனைவரையும் உடைமாற்றும் அறைக்கு அழைத்துச் சென்றுவிட்டார். அரைமணிக்கு மேலாயிற்று; அரங்கு கூக்குரலிட்டது. இறுதியில் குழு திரும்பி வந்து ஆடி, 3-1 எனத் தோற்றது.

அந்தக் கோல் முறையானதாகவே இருந்திருக்கலாம். ஆயினும், ஒழுங்கே ஹாக்கியின் முதற்பாடம் எனக் கற்பித்தவர், நாடே நோக்கியிருக்க ஆட்டத்தைவிட்டு வெளியேறினார். இளைஞர் கர்லாமவும் அன்று அவர் பின்னே சென்றவருள் ஒருவர். சிறந்த பயிற்றாசிரியர் என அரசு அளித்திருந்த பட்டம் தராசவிடமிருந்து பறிக்கப்பட்டது. பொன்வட்டுச் சிறுவன் ஒருவன் இவ்வாறு செய்திருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதை எண்ணிப் பார்க்கலாம். சில திங்கள் கழித்துப் பட்டம் திரும்பக் கிடைத்தது.

கானடாவின் தொழில்முறை ஆட்டக்காரருடன் பொருதிப் பார்க்கவேண்டும் என்பது தராசவின் நெடுநாள் வேட்கை. 1972ஆம் ஆண்டு பிப்ரவரியில் சப்போரோ நகரில் ஒலிம்பிக் வெற்றி பெற்றபின், அவரும் செர்னிஷோவும் நாட்டுக் குழுவை விட்டு நீங்கினர். அவ்வாண்டு செப்டம்பரில்தான் அப்போட்டி நிகழ்ந்தது. மாந்திரியால் நகரில் நடந்த முதல் ஆட்டத்தில் சோவியத் குழு 7-3 என வென்றது. எட்டு ஆட்டங்களின் முடிவில் நான்கு வென்ற கானடா, மூன்று வென்ற சோவியத் குழுவை முந்திற்று. திரெத்தியாக் கோலைக் காத்தார். கர்லாமவ் கோல்கள் போட்டார். அவர்களை வளர்த்தவருக்கோ அக்குழுவின் பலகையில் இடமில்லை.

கானடா நாட்டார் அவரை மறக்கவில்லை. 1974இல் தொரண்டோ நகரிலுள்ள ஹாக்கிப் புகழ்மன்றத்தில் அவர் பெயரைச் சேர்த்தனர். 1987இல் வான்கூவர் நகரத் தொழில்முறைக் குழு, தன் பயிற்சி முகாமுக்கு அவரை வரவழைத்தது. அவருடைய மகள் தத்தியானா பனித்தள நடனப் பயிற்சியில் உலகப் புகழ் எய்தினார். தந்தையின் கண்டிப்பை வீட்டிலேயே கற்றவர் அவர்.

தராசவ் 1995ஆம் ஆண்டு சூன் 23ஆம் நாள் மாஸ்கோவில் காலமானார். வகன்கோவோ இடுகாட்டில் அவர் உடல் அடக்கம் செய்யப்பெற்றது. அவர் தலைமை தாங்கிய பொன்வட்டுப் போட்டியில் இன்றும் குளிர்காலந்தோறும் உருசிய நாட்டுச் சிறுவர்கள் ஆடிவருகின்றனர்.