முக்கோணத்தால் நிலம் அளந்த லாம்டன்

தென்பெண்ணை ஆற்றங்கரையில் அமைந்த ஊர் மூங்கில்துறைப்பட்டு. அவ்வாற்றங்கரையில் நிற்கும் மாணவன் ஒருவன், நீரில் இறங்காமலே ஆற்றின் அகலத்தை அறிதல் கூடுமோ? கூடும். இக்கரையில் ஒரு நேர்கோட்டை அளந்து, அதன் இருமுனைகளிலிருந்தும் எதிர்க்கரை மரமொன்றை நோக்கிக் கோணங்களைக் குறித்தால் ஒரு முக்கோணம் அமையும். ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தமையால் எஞ்சியவற்றைக் கணக்கிட்டு அறியலாம். இவ்வெளிய உண்மையைத் துணைக்கொண்டு ஒரு பெருநாட்டையே அளக்கத் தொடங்கியவர் வில்லியம் லாம்டன்.

இவர் இங்கிலாந்தில் யார்க்சயர்ப் பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்தார், கணிதத்தில் பெருவிருப்புடையவர். படையில் சேர்ந்து அமெரிக்காவில் பணிபுரிந்தபின் இந்தியாவிற்கு வந்து, 1799ஆம் ஆண்டின் மைசூர்ப் போரில் ஈடுபட்டார். போர் முடிந்ததும் தென்னாட்டை அளக்கும் திட்டத்தை வகுத்தார். கம்பெனியார் தம் ஆட்சிக்கு நிலப்படம் வேண்டினர். லாம்டனோ அதனோடு நிலவுலகின் வடிவத்தையும் அறிய விழைந்தார்.

அளவைக்கெனத் தருவித்த கோணமானி ஏறத்தாழ அரை டன் எடையுள்ளது. அதனை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றி மொரீசியசுத் தீவிற்குக் கொண்டுசென்றனர். எனினும், அது அறிவியற் கருவி என்பதறிந்து பெருந்தன்மையுடன் அனுப்பிவைத்தனர்.

1802ஆம் ஆண்டு ஏப்பிரல் 10ஆம் நாள் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே முதல் அடிக்கோட்டை அளக்கும் பணி தொடங்கியது. அதன் நீளம் ஏறத்தாழ ஏழரை மைல். 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை நானூறு முறை பரப்பி அளந்தனர். வெம்மையால் சங்கிலி நீளுமாதலின், வெப்பமானியைக் கொண்டு அந்நீட்சியையும் கணக்கிற் சேர்த்தனர். அடிக்கோட்டில் நேரும் பிழை, பின்வரும் முக்கோணங்கள் அனைத்திலும் தொடரும் அன்றோ? இவ்வொரு கோட்டிற்கே ஏறத்தாழ ஆறு வாரங்கள் சென்றன.

அதன்பின் முக்கோணத்தோடு முக்கோணம் இணைந்து வளர்ந்தது. மிகக் குறுகிய கோணமுடைய முக்கோணத்தில் கோணத்தின் சிறுபிழையும் பக்கத்தில் பெரும்பிழையாகும். ஆதலின் இயன்றவரை சமபக்க முக்கோணத்தை ஒத்தவை அமையுமாறு இடங்களைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். 1804இல் பெங்களூருக்கு அருகே மற்றோர் அடிக்கோட்டை அளந்து, முக்கோணக் கணக்கின் வழி வந்த நீளத்தோடு ஒப்பிட்டனர். வேறுபாடு சில அங்குலங்களே!

குன்றுகள் இல்லாத காவிரிச் சமவெளியில் கோயிற் கோபுரங்களே குன்றுகளாயின. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின்மேல் கோணமானியை ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, அதன் வட்டத்தகடு உருக்குலைந்தது. பல்லாண்டு உழைப்பும் அதனோடு நின்றுவிடும் நிலை! லாம்டன் மனந்தளரவில்லை. ஏறத்தாழ ஆறு வாரங்கள் தனித்திருந்து, வளைந்த தகட்டைச் சிறிது சிறிதாக நிமிர்த்தி முன்போல் அமைத்தார், பணி தொடர்ந்தது.

முதுமையிலும் அளவைப்பணியை விடாத அவர், 1823ஆம் ஆண்டு சனவரி 20ஆம் நாள் நடு இந்தியாவின் ஹிங்கன்காட்டில் உயிர்நீத்தார். குமரிமுனையிலிருந்து வடக்கே அவர் கொண்டுசென்ற முக்கோணத் தொடரை எவரெஸ்ட் என்பவர் இமயத்தின் அடிவரை நீட்டினார். இவ்வளவைகளின் பயனாக இராதாநாத் சிக்தார் என்னும் வங்கக் கணித அறிஞர், உலகின் உயர்ந்த சிகரத்தைக் கணக்கிட்டுக் கண்டார். 1865இல் அச்சிகரத்திற்கு எவரெஸ்ட்டின் பெயர் இடப்பட்டது. கருவிகளைச் சுமந்து மலையேறிய எண்ணற்ற தொழிலாளரின் பெயர்களோ அறியப்படவில்லை. ஆயினும், பிழையின்றி அளந்த ஒரு கோட்டிலிருந்து தொடங்கி இமயம்வரை எட்டலாம் என்பதை அவர்தம் கூட்டுழைப்பு உலகிற்குக் காட்டியது.