பழைய கண்ணாடித் துண்டு

மைக்கேல் ஃபாரடே 1791ஆம் ஆண்டு இலண்டன் அருகே ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார். வறுமையினால் பதினான்காம் வயதிலேயே புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகச் சென்றார். கட்டுவதற்கு வந்த நூல்களைப் படித்தே அறிவியல் கற்றார். 1813இல் ஆய்வுக்கூட உதவியாளரானார்.

தொலைநோக்கிக்கு ஏற்ற உயர்தரக் கண்ணாடி செய்யும் பணி 1820களில் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கொல்லர் மகனுக்கு உலை புதிதன்று. ஆயினும், ஆண்டுக்கணக்கில் உழைத்தும் எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. ஈயம் கலந்த கனமான கண்ணாடித் துண்டுகளே மிஞ்சின.

ஒளிக்கும் காந்தத்திற்கும் தொடர்பு உண்டு என ஃபாரடே நெடுங்காலம் நம்பினார். சோதனைகளோ பொய்த்துக்கொண்டே இருந்தன. 1845 செப்டம்பர் 13ஆம் நாள், பல பொருள்கள் கைவிட்ட பிறகு, அந்தப் பழைய துண்டை மின்காந்தத்தின் அருகே வைத்தார். ஒரே தளத்தில் அதிரும் ஒளியை அதனூடே செலுத்தினார். அத்தளம் சற்றே திரும்பியது! அப்போது அவருக்கு வயது 53.

காந்தப் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியிலும் இம்மாற்றம் நிகழ்வதைப் பின்னர் ஜான் கெர் கண்டறிந்தார். காந்த ஒளிவட்டில் லேசர் கதிர் நுண்ணிய புள்ளியைச் சூடாக்க, அதன் காந்தத் திசை மாறித் தகவல் பதிகிறது. வலுக் குறைந்த கதிர் அதன்மீது பட்டுத் திரும்பும்போது ஏற்படும் சிறு திருப்பமே அத்தகவலைப் படித்துத் தருகிறது. ஃபாரடே 1867இல் மறைந்தார். முதல் லேசர் ஒளிர்ந்ததோ 1960இல்தான்.