போதுமென்ற மனம்

1801ஆம் ஆண்டு இங்கிலாந்தில் உணவுப்பொருள்களின் விலை பெரிதும் உயர்ந்திருந்தது. இலண்டனில் வாழ்ந்த ஏழைக் கொல்லர் ஒருவரின் மகனுக்கு வாரத்திற்கு ஒரு ரொட்டி மட்டுமே உணவாகக் கிடைத்தது. அதை ஏழு நாளுக்கும் பகிர்ந்து உண்டான் அச்சிறுவன். அவரே பின்னாளில் உலகம் போற்றும் அறிவியலாளரான மைக்கேல் ஃபாரடே.

வறுமையால் அவரது பள்ளிக்கல்வி விரைவில் நின்றது. பதினான்காம் வயதில் புத்தகம் கட்டும் தொழிலைக் கற்கச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த நூல்களையே படித்து அறிவை வளர்த்துக்கொண்டார். 1812இல் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, அவற்றை நூலாகக் கட்டி அவருக்கே அனுப்பினார். மறு ஆண்டு ராயல் இன்ஸ்டிடியூஷனில் டேவியின் உதவியாளரானார்.

1831இல் ஃபாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தார். இன்றைய மின்னாக்கிகள் இயங்குவது இக்கொள்கையால்தான். அக்காலத்தில் தொழில் நிறுவனங்கள் அவரிடம் ஆலோசனை கேட்டு வந்தன. அவ்வழியில் ஓராண்டில் 1,000 பவுண்டுக்கும் மேல் ஈட்டினார். ஆயினும், ஆய்வுக்கு நேரம் போதவில்லை என்பதை உணர்ந்ததும் அவ்வருமானத்தைக் கைவிட்டார். ஆய்வகம் தந்த 100 பவுண்டு ஆண்டுச் சம்பளமும் குடியிருப்பும் நிலக்கரியும் மெழுகுவத்தியும் அவரது அன்றாட வாழ்வுக்குப் பெருந்துணையாக இருந்தன.

எளிமை என்பது தன்மானத்தை இழப்பதன்று. 1835இல் அரசு அவருக்கு ஓய்வூதியம் வழங்க எண்ணியது. அதுபற்றிப் பேச அழைத்த பிரதமர் மெல்போர்ன், அறிஞர்களுக்கு இத்தகைய உதவி அளிப்பதை இழிவாகப் பேசினார். ஃபாரடே அன்றே மறுப்புக் கடிதம் எழுதிவிட்டார். பிரதமர் எழுத்து மூலம் வருத்தம் தெரிவித்த பின்னரே ஆண்டுக்கு 300 பவுண்டு ஓய்வூதியத்தை ஏற்றுக்கொண்டார்.

பட்டம் பதவிகளும் அவரை மயக்கவில்லை. 'சர்' பட்டத்தை மறுத்தார். ராயல் சொசைட்டியின் தலைவர் பதவி இருமுறை தேடி வந்தும் ஏற்கவில்லை. ஓய்வு நேரத்தில் நோயுற்றோரையும் ஏழைகளையும் சந்தித்து உதவினார். கிறிஸ்துமஸ் காலத்தில் சிறுவர்களுக்கு அறிவியல் சொற்பொழிவாற்றி மகிழ்ந்தார்.

1867இல் ஃபாரடே மறைந்தார். அரசர்களும் பெரியோர்களும் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இடம்பெறும் பெருமையையும் அவர் விரும்பவில்லை. இலண்டனின் ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில், பெயரும் பிறந்த நாளும் இறந்த நாளும் மட்டுமே பொறித்த எளிய கல்லின் கீழ் அடக்கம் செய்யப்பட்டார். தேவைக்கு மேல் நாடாமலும் தன்மானத்தை விட்டுக்கொடுக்காமலும் வாழ்ந்த அவரது வாழ்க்கை, மனநிறைவுக்கும் நற்பண்புக்கும் சிறந்த எடுத்துக்காட்டாகத் திகழ்கிறது.