பொறிக்கு எண்ணெய் ஊட்டிய எலைஜா மெக்காய்

மறையூரில் பிறந்தவனுக்குக் கரும்பாலையின் ஓசை புதிதன்று. உருளைத் தண்டில் எண்ணெய் வற்றினால் கிறீச்சென்று கத்தும். ஆலையை நிறுத்தி, எண்ணெய்க் குப்பியோடு ஒருவர் ஓட வேண்டும். இந்தச் சிறு வேலையில் ஒரு பெரு வரலாறு அடங்கியிருக்கிறது என்றால் நண்பர்கள் நம்புவீர்களோ, அறியேன். எலைஜா மெக்காய் என்னும் கறுப்பர் ஒருவரின் கதை அது.

அவருடைய பெற்றோர் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் அடிமைகளாய் இருந்தவர்கள்; தப்பிக் கனடாவுக்கு ஓடினார்கள். அங்கே 1844-இல் எலைஜா பிறந்தார். 15 வயதில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்குச் சென்று இயந்திரப் பொறியியல் பயின்றார். பயிற்சி முடித்து, குடும்பம் குடியேறியிருந்த மிச்சிகன் மாநிலத்துக்குத் திரும்பினார். தேர்ந்த பொறியாளர்தாம்; ஆனால் தோல் கறுப்பு ஆயிற்றே! மிச்சிகன் சென்ட்ரல் இரயில்வே அவருக்குக் கொடுத்தது அடுப்பில் கரி அள்ளிப் போடும் வேலையும், பொறிக்கு எண்ணெய் இடும் வேலையுமே. கையில் கிடைத்த எண்ணெய்க் குப்பியை அவர் கூர்ந்து நோக்கினார்.

உலோகத்தோடு உலோகம் உரசுமிடத்தில் மெல்லிய எண்ணெய்ப் படலம் நிற்க வேண்டும். அது அறுந்தால் சூடு, தேய்மானம், இறுதியில் இறுகி நிற்றல். எங்கள் மலைக்கு அருகே, 1908 முதல் 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் வரை மூணாற்றில் ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு இரயிலின் நீராவிப் பொறிகளுக்கும் இந்தத் தாகம் இருந்திருக்கும். வெளியிலுள்ள அச்சுகளுக்கு வண்டியை நிறுத்தி எண்ணெய் விடலாம். உந்துதண்டு ஓடும் நீராவி உருளைக்கு எப்படி விடுவது? உள்ளே ஆவி அழுத்திக்கொண்டிருக்கும்போது மூடியைத் திறந்தால் எண்ணெய் உள்ளே போகாது. ஆவிதான் வெளியே சீறும்.

எதிர்த்து நின்ற அந்த ஆவியையே மெக்காய் ஏவலாளாக்கினார். உருளையின் மேல் ஓர் எண்ணெய்க் கிண்ணம். உருளையிலிருந்து ஆவி ஒரு குழாய் வழியே ஏறிச் சிறு முசலம் ஒன்றைத் தள்ளும், வால்வு திறக்கும், எண்ணெய் தானே இறங்கும். வண்டி நிற்க வேண்டியதில்லை. 1872 ஜூலையில் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. எனக்கு வியப்பூட்டுவது இதன் எளிமையே.

பிறகும் அவர் ஓயவில்லை. 50-க்கு மேற்பட்ட காப்புரிமைகள், பெரும்பாலானவை எண்ணெயூட்டிகளே. மிகு வெப்ப ஆவியில் ஓடும் புதிய பொறிகளில் எண்ணெய் கருகியபோது, கிராபைட் கலந்த எண்ணெயை அடைப்பின்றிச் செலுத்தவும் வழி கண்டார். ஆனால் தொழில் நடத்த முதல் ஏது? உரிமைகளைப் பிறருக்கு விற்றார். செல்வம் அவர்களுக்குப் போயிற்று. தம் பெயரால் டெட்ராயிட்டில் நிறுவனம் தொடங்கியது 1920-இல்தான். அப்போது வயது 76!

அசல் சரக்கைக் குறிக்க ஆங்கிலேயர் வழங்கும் மெக்காய்த் தொடர் இவரால் வந்தது என்பர். அழகிய கதைதான், ஆனால் அதையொத்த தொடர் ஸ்காட்லாந்தில் முன்னரே இருந்தது. அந்த அணி இல்லாமலே அவர் பெரியவர் என்பது என் எண்ணம்.

1922-இல் மோட்டார் விபத்தில் கணவன் மனைவி இருவரும் காயமுற்றனர்; மனைவி மேரி அதிலிருந்து மீளவில்லை. மெக்காய் 1929 அக்டோபரில் மருத்துவமனை ஒன்றில் மறைந்தார். 2012-இல் டெட்ராயிட்டில் அமெரிக்க அரசு காப்புரிமை அலுவலகக் கிளையொன்றைத் திறந்தபோது, அதற்கு இட்ட பெயர் எலைஜா மெக்காய்.