தொட்டாற்சிணுங்கியின் தோழர் ஜகதீச சந்திர போஸ்

மாலை மங்கியதும் எங்கள் கோவில்பட்டிப் பக்கத்துப் புளிய மரங்கள் இலைகளைக் கூப்பிக்கொள்ளும். மரம் தூங்குகிறது, இலையைப் பறிக்காதே என்று பாட்டிமார் தடுப்பார்கள். பள்ளித் தோட்டத்துத் தொட்டாற்சிணுங்கியோ பட்டப்பகலிலேயே, விரல் பட்டதும் வாடிவிடும். நரம்பில்லாத செடிக்குத் தொட்டது எப்படித் தெரிகிறது? இக்கேள்விக்கு விடை தேடித் தம் வாழ்நாளைச் செலவிட்ட இந்திய விஞ்ஞானியே சர் ஜகதீச சந்திர போஸ்.

இவர் 1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள், இன்று வங்காளதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். தந்தை பகவான் சந்திரர் அரசாங்க அதிகாரி. எனினும் மகனை முதலில் தாய்மொழிப் பள்ளிக்கே அனுப்பினார். அங்கே ஏவலாளின் மகனும் மீனவரின் மகனும் ஜகதீசருக்குப் பக்கத்தில் அமர்ந்து படித்தனர். அவர்கள் சொன்ன பறவை, விலங்குக் கதைகளே இயற்கையின் மேல் அவருக்கு ஆசையை ஊட்டின.

பின்னர் கல்கத்தா தூய சவேரியார் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே பௌதிகம் கற்பித்த சேசு சபைக் குரு லாஃபோன் அடிகளார், பாடத்தைச் சொல்வதோடு நில்லாமல் சோதனை செய்து காட்டுவார். அந்த ஆசிரியர் ஏற்றிய விளக்கே போஸின் வாழ்வு முழுவதும் எரிந்தது. மருத்துவம் படிக்க 1880-இல் இங்கிலாந்து சென்றவர், உடல்நலக் குறைவால் அதை விட்டுக் கேம்பிரிட்ஜில் இயற்கை விஞ்ஞானம் பயின்றார்.

1885-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பௌதிகப் பேராசிரியரானார். அங்கே ஒரு சோதனை காத்திருந்தது. ஒரே வேலைக்கு ஐரோப்பியருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு அதைவிடக் குறைந்த சம்பளம்! போஸ் சண்டையிடவில்லை, வேலையை விடவுமில்லை. மூன்று ஆண்டுகள் சம்பளத்தைத் தொடாமலே பாடம் நடத்தினார். முடிவில் முழுச் சம்பளமும் முன்தேதியிட்டுத் தரப்பட்டது. அப்பணத்தில் தந்தையின் கடனை அடைத்தார்.

கம்பியில்லாமல் மின் அலைகளை அனுப்பி, தொலைவிலிருந்த மணியை 1895-இல் கல்கத்தாவில் ஒலிக்கச் செய்தார். அந்த அலைகளை உணரும் உலோகக் கருவி, நெடுநேரம் வேலை செய்தபின் களைத்தது போல் மந்தமாவதையும், ஓய்வு கொடுத்ததும் தேறுவதையும் கண்டார். செடிகளிலும் இப்படி இருக்குமோ என்ற எண்ணம் பிறந்தது.

செடியின் இரண்டிடங்களில் கம்பிகளைப் பொருத்தி, அவற்றை மிக நுட்பமான கால்வனோமீட்டரில் இணைத்தார். செடியைத் தட்டியதும் கருவி மின்மாற்றத்தைக் காட்டியது! வெந்நீரில் செத்த செடியோ மறுமொழி தரவில்லை.

1901-இல் லண்டன் ராயல் சங்கத்தில் இதைச் செய்து காட்டினார். உடலியல் வல்லுநர்கள் ஏற்கவில்லை. அவருடைய கட்டுரையும் வெளியிடப்படவில்லை. அவர் மனம் சோர்ந்து திரும்பியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? அவரோ மேலும் சோதனைகள் செய்தார். மறு ஆண்டே லின்னேயன் சங்கம் அவருடைய ஆய்வை வெளியிட்டது. 1920-இல் ராயல் சங்கமே அவரை உறுப்பினராக்கிக் கொண்டது.

போஸ் அளந்த மின்சாரம் எங்கிருந்து வந்தது? உயிரணு ஒவ்வொன்றையும் கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காய் நின்ற ஒரு மெல்லிய சவ்வு சூழ்ந்துள்ளது. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இரண்டு லட்சத்தில் ஒரு பங்கே. உப்பு நீரில் மின்சாரம் பாயும்; எண்ணெயில் பாயாது. அதுபோல் இக்கொழுப்புச் சவ்வும் மின்சாரத்தைத் தடுத்து, உள்ளும் புறமும் மின்னழுத்த வேறுபாட்டைக் காக்கிறது. சவ்விலுள்ள புரத வாயில்கள் திறந்தால் அயனிகள் பாய்கின்றன, அதுவே மின்துடிப்பு. தொட்டாற்சிணுங்கியில் அத்துடிப்பு இலைக்காம்பின் அடிப்புடைப்பை எட்டியதும் அங்குள்ள உயிரணுக்களிலிருந்து நீர் வெளியேறுகிறது, இலை சாய்கிறது. 1962-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் நீருக்குள் ஒரு சிறு துளையில் கொழுப்புப் படலத்தைச் செயற்கையாகவே அமைத்து, அதன் மின்தடையை அளந்தனர். வெறும் படலம் மின்சாரத்தைத் தடுத்தது; ஒருவகைப் புரதப் பொருளைச் சேர்த்ததும் வழிவிட்டது!

உலோகத்துக்கும் உயிர்ப்பொருளுக்கும் ஒரே வகை மறுமொழி உண்டு என்று போஸ் கருதியதை இன்றைய விஞ்ஞானம் ஏற்பதில்லை. ஆனால் செடிகளில் மின்துடிப்பு ஓடுகிறது என்று அவர் அளந்து காட்டியது நிலைத்துவிட்டது.

அவருடைய துணைவியார் அபலா அம்மையாரையும் மாணவியராகிய நாம் மறக்கலாகாது. கல்கத்தாவில் பெண்களுக்கு மருத்துவக் கல்லூரியில் இடமில்லாத காலத்தில், படிப்புக்காக நம் சென்னைக்கு வந்தவர் அவர். உடல்நலக் குறைவால் படிப்பு தடைப்பட்டபோதும், பிற்காலத்தில் வங்கப் பெண்களின் கல்விக்காகப் பெரும்பணி ஆற்றினார்.

1917-இல், தம் பிறந்த நாளன்று, போஸ் கல்கத்தாவில் ஆராய்ச்சி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1937 நவம்பர் 23-ஆம் நாள் கிரிதியில் காலமானார். அந்நிலையம் இன்றும் பணியாற்றி வருகிறது.

கரிசல் காட்டுப் பருத்தியும் கம்பும் வாய் பேசா. ஆயினும் பொறுமையோடு அளப்பவருக்கு அவை மறுமொழி சொல்லும். சம்பளம் குறைந்தபோதும், சபையோர் மறுத்தபோதும், போஸ் அளப்பதை நிறுத்தவில்லை. நாமும் கண்டதை அப்படியே நம்பாமல் சோதித்து அறியவும், சோதித்து அறிந்ததைத் துணிந்து சொல்லவும் பழகுவோமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி