கீமோதெரபிக்குப் பெயர் வைத்தவர்: பால் எர்லிக்கின் ‘மாயத் தோட்டா’ இலக்கைத் தொட்டதா?

கீமோதெரபி எடுப்பவர்களுக்கு ஏன் முடி கொட்டுகிறது? வேகமாகப் பெருகும் செல்களை அடிக்கும் மருந்துக்கு, புற்றுநோய் செல் எது, முடியின் வேர் எது என்று தெரியாது. ரத்தம் போகும் இடமெல்லாம் அதுவும் போகும். கீமோதெரபி என்ற சொல்லைத் தந்த ஜெர்மன் மருத்துவர் பால் எர்லிக் வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியது இந்தச் சிக்கலோடுதான்.

1854 மார்ச் 14-ல், அன்றைய பிரஷியாவின் ஸ்ட்ரேலன் என்ற சிறிய ஊரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். அந்த ஊர் இப்போது போலந்தில் இருக்கிறது. மருத்துவம் படிக்கப் போனவருக்குச் சாயங்கள் மீதுதான் கிறுக்கு. துணிச் சாயத் தொழில் அப்போது ஜெர்மனியில் கொடிகட்டிப் பறந்தது. அந்தச் சாயங்களை உடல் திசுக்களில் ஏற்றிப் பார்த்தார். ஒரு சாயம் ஒரு வகை செல்லில் மட்டும் ஒட்டியது, பக்கத்துச் செல்லைக் கண்டுகொள்ளவே இல்லை. 1878-ல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் அவர் கொடுத்த ஆய்வேடும் இதைப் பற்றியதுதான்.

சாயம் ஆள் பார்த்து ஒட்டும் என்றால், விஷத்தையும் அப்படி அனுப்ப முடியாதா? 1891-ல் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தையே மலேரியா நோயாளிகள் இருவருக்கு மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார். நோயை மட்டும் தாக்கி உடலை விட்டுவிடும் மருந்துக்கு அவர் வைத்த பெயர்தான் ‘மாயத் தோட்டா’.

1908-ல் நோய் எதிர்ப்பாற்றல் ஆய்வுக்காக, மெட்ச்னிகாஃபுடன் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதோடு உட்கார்ந்துவிடவில்லை. பிராங்க்ஃபர்ட் ஆய்வகத்தில் ஆர்சனிக் சேர்மங்களை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிச் செய்யவைத்தார். சுருட்டுப் பெட்டி எப்போதும் கையோடு இருக்கும். 1909-ல் ஜப்பானியர் சஹாச்சிரோ ஹாட்டா, 606-ம் எண் சேர்மத்தைச் சிஃபிலிஸ் வந்த முயல்களில் சோதித்தார். வேலை செய்தது! அடுத்த ஆண்டே ‘சால்வர்சான்’ என்ற பெயரில் சந்தைக்கு வந்தது.

ஆனால் ஆர்சனிக் ஆர்சனிக்தானே. பக்கவிளைவுகளும் மரணங்களும் வந்தன, எர்லிக்மீது வசைமாரி பொழிந்தது. 1912-ல் நஞ்சு கொஞ்சம் குறைந்த 914-ஐக் கொண்டுவந்தார். எலிகளில் கட்டிகளை வளர்த்துப் புற்றுநோயையும் ஆராய்ந்தார், மருந்து கிடைக்கவில்லை. 1915 ஆகஸ்ட் 20-ல், 61 வயதில் இறந்தார்.

தோட்டாவை மாற்றாமல் உறையை மாற்றினால்?

எர்லிக்கின் வழி, மருந்து மூலக்கூறையே மாற்றுவது. 1960-களில் கேம்பிரிட்ஜ் அருகே அலெக் பாங்ஹாம் கவனித்த ஒரு விஷயம் வேறு வழியைத் திறந்தது. சில வகைக் கொழுப்புகளைத் தண்ணீரில் கலந்தால், அவை தாமாகவே சுருண்டு நுண்குமிழிகளாக மூடிக்கொள்கின்றன. லிபோசோம் எனப்படுவது இதுதான். உள்ளே மருந்தை அடைத்து அனுப்பலாம்.

டாக்சோரூபிசின் என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம். சாயம் மாதிரியே செக்கச்செவேல் என்று இருக்கும். கட்டியை நன்றாக அடிக்கும், ஆனால் அளவு கூடினால் இதயத்தைப் பாதிக்கும். இதை லிபோசோமில் அடைத்து 1995-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது ‘டாக்சில்’. அதன் குமிழிமீது பிஇஜி என்ற பாலிமர் போர்வை உண்டு. அதனால் கல்லீரலும் மண்ணீரலும் உடனே பிடித்துவிடாது. ரத்தத்தில் நாள் கணக்கில் சுற்றி, கட்டியின் ஓட்டை விழுந்த ரத்தக் குழாய்கள் வழியே உள்ளே கசியும். 2000-ல் ஐரோப்பாவில் வந்த ‘மயோசெட்’டுக்குள்ளும் இதே மருந்துதான், போர்வை மட்டும் கிடையாது. சீக்கிரமே ரத்தத்தை விட்டு வெளியேறிவிடும்.

அப்போ போர்வை இருப்பதுதான் பெஸ்ட்டா? அவ்வளவு சுலபமில்லை. நெடுநேரம் சுற்றும் டாக்சில் தோலிலும் சேர்கிறது. உள்ளங்கை, பாதம் சிவந்து வலிக்கும், தோல் உரியும். மயோசெட்டில் இந்தத் தொல்லை அரிது. முற்றிய மார்பகப் புற்றுநோயில் நடந்த ஆய்வுகளில் இரண்டுமே இதயப் பாதிப்பைக் குறைத்தன. ஆனால் நோயைக் கட்டுப்படுத்துவதில் உறையில்லாத டாக்சோரூபிசினைப் பெரிதாக மிஞ்சவில்லை. என்னைக் கேட்டால், இதயம் தப்புவதே சின்ன விஷயம் இல்லை. ஆனால் எர்லிக் கேட்டது இதைவிட அதிகம்.

2017-ல் அனுமதி பெற்ற ‘விக்சியோஸ்’ கதை வேறு. டானோரூபிசின், சைட்டராபின் என்ற இரண்டு மருந்துகளை 1:5 என்ற மூலக்கூறு விகிதத்தில் ஒரே குமிழியில் பூட்டிவைக்கிறது. தனித்தனியாக ஏற்றினால் உடலுக்குள் இந்த விகிதம் கலைந்துவிடும். தீவிர மைலாய்டு ரத்தப் புற்றுநோயின் மோசமான வகை வந்த, 60 முதல் 75 வயதுடையவர்களிடம் சோதித்தார்கள். வழக்கமான சிகிச்சையில் சுமார் 6 மாதமாக இருந்த இடைநிலை ஆயுட்காலம், இதில் ஒன்பதரை மாதத்தைத் தாண்டியது. இங்கே துளைத்து நுழைய வேண்டிய கட்டி எதுவும் இல்லை. மருந்து போய்ச்சேர வேண்டிய இடமே ரத்தமும் எலும்பு மஜ்ஜையும்தான்.