லண்டனில் முதல் இந்திய உணவகம் திறந்த ஷேக் தீன் முஹம்மது

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை நெடுஞ்சாலையில் எங்கே வண்டியை நிறுத்தினாலும் ஒரு பிரியாணி கடை கண்ணில் படும். நம் சகோதரர்கள் பலர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். கடல் கடந்து போய் உணவகம் நடத்துபவர்களும் உண்டு. இவர்களுக்கெல்லாம் முன்னோடியாக, இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே லண்டனில் இந்திய உணவகம் திறந்த ஒரு முஸ்லிமின் வாழ்க்கையை நாம் அறிந்திருக்க வேண்டும்.

ஷேக் தீன் முஹம்மது 1759-ல் பாட்னாவில் பிறந்தார். அதற்கு அடுத்த ஆண்டுதான் திண்டிவனத்துக்கு அருகிலுள்ள வந்தவாசியில் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரர்களைத் தோற்கடித்தனர். 1761-ல் செஞ்சிக் கோட்டையும் அவர்கள் கைக்குப் போனது. நாடெங்கும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கை ஓங்கிய காலம் அது. அந்தக் கம்பெனியின் வங்காளப் படையில்தான் தீன் முஹம்மதுவின் தந்தை பணியாற்றி வந்தார்.

தந்தை இறந்தபோது மகனுக்குப் பத்து வயதுதான். சிறுவன் காட்ஃப்ரே பேக்கர் என்ற அதிகாரியுடன் படை முகாமுக்குப் போய்ச் சேர்ந்தான். பின்னாளில் சுபேதார் வரை உயர்ந்த அவர், 1782-ல் படையை விட்டு விலகினார். 1784-ல் பேக்கருடன் அயர்லாந்தின் கார்க் நகருக்குப் போனார். அங்கே ஆங்கிலம் கற்றார். ஜேன் டேலி என்ற பெண்ணை மணந்தார். 1794-ல் தம் பயணங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஆங்கிலத்தில் இந்தியர் ஒருவர் எழுதி வெளியிட்ட முதல் நூல் அதுவே.

பிறகு குடும்பத்துடன் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். 1810-ல் ஜார்ஜ் தெருவில் இந்துஸ்தானி காபி ஹவுஸ் என்ற உணவகத்தைத் திறந்தார். மூங்கில் நாற்காலிகள், சுவரில் இந்தியக் காட்சிப் படங்கள், ஹூக்கா புகைக்கத் தனி அறை, நம் நாட்டு மசாலா உணவு என எல்லாம் இருந்தன. இந்தியாவில் பணியாற்றித் திரும்பிய ஆங்கிலேயர்களை நம்பி அவர் கடை போட்டார். ஆனால் அவர்களில் வசதி படைத்தவர்கள் இந்தியச் சமையல் தெரிந்த ஆட்களை வீட்டிலேயே வைத்திருந்தார்கள். செலவுக்கேற்ற வருமானம் வரவில்லை. 1812-ல் அவர் திவாலானார்.

அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. மனைவி மக்களைக் காப்பாற்ற வேண்டும். நூல் எழுதியவர், முதலாளியாக இருந்தவர் என்ற கௌரவம் பார்க்காமல், வீட்டு வேலை தேடிப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்.

1814 வாக்கில் கடற்கரை நகரமான பிரைட்டனுக்குச் சென்றார். மூலிகை நீராவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடும் சிகிச்சையும் தொடங்கினார். இன்று உலகமே சொல்லும் ஷாம்பு என்ற சொல் நம் நாட்டு சம்பி, அதாவது பிடித்துவிடுதல் என்பதிலிருந்து வந்தது. மூட்டுவலிக்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள். மன்னர்கள் நான்காம் ஜார்ஜும் நான்காம் வில்லியமும் அவரைத் தம் சிகிச்சையாளராக நியமித்தனர். 1851-ல் அவர் காலமானார்.

அவருடைய பேரர் ஃபிரடெரிக் அக்பர் முஹம்மது லண்டனில் மருத்துவரானார். சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்களுக்கும் உயர் ரத்த அழுத்தம் வரும் என்று கண்டறிந்தார். இன்று மருத்துவமனையில் கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளும் நாம் ஒவ்வொருவரும் அந்தக் குடும்பத்துக்குக் கடன்பட்டவர்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தீன் முஹம்மது அயர்லாந்தில் ஆங்கிலிகன் திருச்சபையில் சேர்ந்தார். அவர் அடங்கியிருப்பதும் தேவாலய வளாகத்தில்தான். சொல்லிக்கொள்ள ஒரு ஜமாஅத்தோ, தொழ ஒரு பள்ளிவாசலோ இல்லாத ஊரில் தனி மனிதராக வாழ்ந்தவர் அவர். பெயர் மட்டும் முஹம்மது என்றே தலைமுறைகளைத் தாண்டி நின்றது.

2005-ல் ஜார்ஜ் தெருவில் அவருடைய உணவகத்தை நினைவுகூரும் பலகை வைக்கப்பட்டது. இரண்டே ஆண்டில் நொடித்துப்போன கடைக்குக் கிடைத்த மரியாதை அது. தொழிலில் நட்டப்பட்டு வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றைச் சொல்லுவோம். வெளிநாட்டில் தனியே இருக்கும் பிள்ளைகளுக்கோ, அங்குள்ள ஜமாஅத்துடன் சேர்ந்திருக்கும்படி சொல்லுவோம்.